தொண்ணூற்றொன்பதுக்குப் பின் பூச்சியம்

2016 ஆம் ஆண்டுக்கு முன் தேசிய அடையாள அட்டை பெற்ற அன்பர்கள், அதனை ஒருமுறை கையில் எடுத்து எண்ணை நோக்குவாராக. ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் அங்கே காணப்படும். நம்மிற் பலர் இவ்வெண்ணை மனனம் செய்தே வைத்திருக்கிறோம். ஆயினும் அது வெறும் எண் அன்று, நம் பிறந்த நாளே அவ்வடிவில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை.

முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டின் கடைக்கூறு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாளிற் பிறந்தோம் என்பதைக் கூறும். பெண்ணாயின் அந்நாளெண்ணோடு ஐந்நூறு கூட்டப்பெறும். அதன் பின் வருவன வரிசை எண்ணும், எழுதுவோர் செய்யும் பிழையைக் காட்டிக்கொடுக்கும் சோதனை இலக்கமும் ஆம். ஆகவே 1985 மார்ச் முதலாந் திகதி பிறந்த ஆண்மகனின் எண் 85061 எனத் தொடங்கும். அதே நாளிற் பிறந்த பெண்மணியின் எண் 85561 எனத் தொடங்கும்.

கூரிய மாணாக்கர் ஈண்டு ஒரு தடை எழுப்புவர். 1985 நெட்டாண்டு அன்று. ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 28, மார்ச்சுக்கு ஒன்று. கூட்டினால் 60 அன்றோ? நல்ல வினா. ஆட்பதிவுத் திணைக்களத்தார் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்தே எண்ணுகின்றனர். இதனால் மார்ச் முதலாந் திகதி என்றைக்கும் 61. டிசம்பர் 31 என்றைக்கும் 366. கையால் எழுதும் இலிகிதருக்கு ஒரே அட்டவணை போதும். நெட்டாண்டா, குறையாண்டா என்று ஆராய வேண்டுவதில்லை. இந்த இரகசியம் அறியாது கணினிக்கு நிரல் எழுதும் இளைஞரோ, டிசம்பர் 31 இற் பிறந்தவரை அடுத்த ஆண்டின் முதல் நாளிற் பிறக்கச் செய்துவிடுவர்.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம். அட்டை வழங்கல் 1972 இல் தொடங்கியது. அக்காலத்தில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் தாராளமாகப் போதுமென்றே தோன்றியிருக்கும். ஆனால் 2000 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி ஒரு குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆண்டு இலக்கம் 00. நூறு வருடத்துக்கு முன் பிறந்த மூதாட்டியின் ஆண்டு இலக்கமும் 00. எண்ணை மட்டும் நோக்கினால் பேத்தியையும் பூட்டியையும் பிரித்தறிய வழியில்லை. அக்காலத்தில் அட்டை பெறும் வயது பதினாறு. ஆகவே 2000 இற் பிறந்த முதற் பிள்ளை அட்டைக்காகக் கிராம உத்தியோகத்தரின் வாயிலில் வந்து நிற்கும் காலம் 2016 ஜனவரி. அந்த ஜனவரி முதலாந் திகதி தொட்டே பன்னிரண்டு இலக்க எண் நடைமுறைக்கு வந்தது. இப்புதிய எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாக முழுமையாக எழுதப்படுகிறது, ஈற்றெழுத்து நீங்கிவிட்டது. பழைய எண்ணைப் புதியதாக மாற்றுவதும் எளிது. முன்னே 19 சேர்த்து, நாளெண்ணுக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, ஈற்றெழுத்தை நீக்கினால் முடிந்தது.

சொல்வது எளிது, செய்வது அத்துணை எளிதன்று. வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, காணி உறுதி, கைத்தொலைபேசி இணைப்பு, வைத்தியசாலைப் பதிவு, க.பொ.த. பரீட்சை விண்ணப்பம் ஆகிய அனைத்திலும் இந்த எண் நுழைந்திருக்கிறது. பத்து எழுத்துக்கு மேல் ஏற்காதபடி செய்யப்பட்ட ஒவ்வொரு கணினிப் படிவமும் பன்னிரண்டுக்கு விரிக்கப்படல் வேண்டும். ஈற்றில் எழுத்து இல்லையெனின் "பிழையான எண்" என்று விரட்டும் பழைய நிரல் ஒவ்வொன்றும் திருத்தப்படல் வேண்டும். பழைய எண்ணில் ஒரு பதிவும் புதிய எண்ணில் மற்றொரு பதிவுமாக ஒருவரே இருவராகிவிடாமற் காத்தலும் வேண்டும். இவ்வெண்ணின் அருமையை நம் கரையோர மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, இலங்கையில் மிகப் பெரும் உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. உயிர் தப்பியோரிற் பலருக்கு அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வங்கிப் புத்தகமும் வீட்டோடு கடலுக்குப் போயின. அந்நாளில் "நான் இன்னார்" என்று நாட்டுவதற்கு அலுவலக ஏட்டில் இருந்த எண்ணே துணையாயிற்று. அத்தகைய எண்ணில் ஒரு மயக்கம் நேர்வது சிறு காரியம் அன்று.

இவ்வகைக் கோளாறுக்குத் தமிழில் என்ன பெயர் இடலாம்? நிந்தவூருக்கு அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1936 இற் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்; அவர் இன்று இருந்திருப்பின் அழகிய சொல்லொன்று தந்திருப்பார். நாம் மக்கள் வழக்கையே கைக்கொண்டு "எண் புரளுதல்" என்போம். மோட்டார் வண்டியின் மானி முழுச் சுற்றும் ஓடி மீண்டும் பூச்சியத்துக்கு வந்தால் "மானி புரண்டுவிட்டது" என்றுதானே கூறுகிறோம்?

வீட்டு மின்மானியை எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்து இலக்கம் உண்டு. சென்ற மாதம் 99950, இம்மாதம் 00030. மானி வாசிக்க வரும் ஊழியர் மயங்குவதில்லை. மானி புரண்டதற்கு 50, பின் ஓடியது 30, ஆக 80 அலகு என்று எழுதிவிட்டுப் போவார். புரளும் என்று சொல்லிக்கொடுக்கப்படாத கணினியோ முப்பதிலிருந்து 99950 ஐக் கழிக்கும். "இவ்வீட்டார் 99920 அலகு மின்சாரத்தை நமக்குத் திருப்பித் தந்திருக்கின்றனர்" என்பது அதன் முடிவு! கணினி கணக்கிற் பிழைக்கவில்லை என்பதைக் கவனிக்க. கழித்தல் சரியே. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் உலகத்தை அது அறியாது, அவ்வளவே.

நம் முன்னோரும் புரளும் எண்ணை அறிந்தவரே. பிரபவ முதல் அட்சய ஈறாகிய அறுபது வருடச் சக்கரம் வேறென்ன? இப்போது நடக்கும் சுற்று 1987 இல் தொடங்கியது; 2046 இல் அட்சய பிறந்து, 2047 சித்திரையில் மீண்டும் பிரபவ வரும். ஒருவர் தம் வாழ்வில் ஒருமுறை இச்சக்கரம் முழுதும் சுற்றக் கண்டால் அறுபதாம் கலியாணம் செய்து கொண்டாடுகிறோம். ஒரு மனிதனின் ஆயுளுக்கு அச்சக்கரம் ஏற்றதே. ஆனால் பழைய ஏட்டுச் சுவடியொன்றில் "விகிர்தி வருடம்" என்று மட்டும் இருந்தால், அது 2010 ஆ, 1950 ஆ, 1890 ஆ என்று ஆராய்வோர் தலையைச் சொறிய வேண்டியதே. காசுமீரத்து லௌகிக ஆண்டு இதனினும் நெருங்கிய உவமை. அங்கு நூற்றுக்கு மேற்பட்ட இலக்கத்தை விட்டுவிட்டுக் கடைசி இரண்டை மட்டும் எழுதும் வழக்கம் இருந்தது. இராசதரங்கிணி பாடிய கல்கணர் தாம் நூல் தொடங்கிய ஆண்டு லௌகிகம் 24 என்கிறார். நல்லவேளையாக அது சகாப்தம் 1070 என்பதையும் உடன் கூறினார். அதனாலன்றோ நாம் அதனைக் கி.பி. 1148 ஐ ஒட்டிய காலம் என்று ஐயமின்றிக் கூறுகிறோம். எண்ணூறு வருடத்துக்கு முன் ஒரு புலவர் செய்த இந்தச் சிறு உபகாரத்தை, இருபதாம் நூற்றாண்டின் பொறியியலார் பலர் செய்யத் தவறினர்.

தவறினர் என்று கடிந்துரைப்பதும் முழு நியாயம் அன்று. அவர்கள் காலத்தில் செய்திகளைத் துளையிட்ட அட்டைகளிற் பதித்தனர். ஓர் அட்டையில் எண்பது எழுத்துக்கே இடம். பெயர், விலாசம், சம்பளம், பிறந்த நாள் எல்லாம் அவ்வெண்பதுக்குள் அடங்க வேண்டும். அந்நிலையில் ஒவ்வொரு திகதியிலும் 19 என்பதை எழுதுவது இடக்கேடு என்று எண்ணினர். கணினியின் நினைவகமும் அந்நாளிற் பொன்னினும் அரிது. "இந்த நிரல் 2000 ஆம் ஆண்டுவரை நிலைக்கவா போகிறது?" என்றும் கருதினர். நிலைத்தது! வீடு கட்டும்வரை என்று போட்ட ஓலைக் கொட்டிலிற் பேரப்பிள்ளைகளும் வாழ்வது நாம் காணாததா? பாப் பீமர் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1970 களிலேயே இதனை எழுதி எச்சரித்தார், கேட்டவர் சிலரே.

நகைப்புக்குரியதும் நடந்தது. 1990 களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வினோனா என்ற ஊரில் 104 வயதுப் பாட்டியார் ஒருவருக்குப் பாலர் வகுப்பிற் சேருமாறு அழைப்பு வந்தது. அவர் பிறந்தது 1888 இல். கணினிக்கோ 88 மட்டுமே தெரியும்.

2000 ஆம் ஆண்டு பிறந்தபோது பேரழிவு ஒன்றும் நேரவில்லை. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையத்தளம் அந்த ஆண்டை 19100 என்று காட்டியது போன்ற வேடிக்கைகள் பல நிகழ்ந்தன. அதனால் "எல்லாம் வீண் பயமுறுத்தல், கணினிக் கம்பனிகள் காசு பறித்த கதை" என்று பேசுவோர் இன்றும் உளர். இக்கூற்று நமக்கு உடன்பாடன்று. இங்கினியாகலைக் கட்டு உடையவில்லை. ஆதலாற் கட்டுக்குக் காவலும் செப்பனிடலும் வீண் செலவு என்று நம் வயற்காரர் எவரேனும் கூறுவரோ? பல இலட்சம் நிரலாளர் பல வருடம் இரவு பகலாகக் கோபோல் மொழியில் எழுதிய பழைய நிரல்களை வரிவரியாக வாசித்துத் திருத்தியதனாலேயே அந்த நள்ளிரவு அமைதியாகக் கழிந்தது. அவ்வேலையிற் பெரும்பங்கு இந்தியாவுக்கு வந்தது. டாட்டா கன்சல்டன்சி போன்ற நிறுவனங்கள் இதனை ஆலைத் தொழில் போல் ஒழுங்குபடுத்தி நடத்தின. அந்நிறுவனத்துக்கு 1996 முதல் 2009 வரை தலைமை தாங்கிய எஸ். இராமதுரை ஒரு தமிழர். அமெரிக்கர் இரண்டு இலக்கத்தை மிச்சம் பிடித்ததன் பயனாகச் சென்னை இளைஞர் பலர் முதன்முதல் விமானம் ஏறினர் என்றால் மிகையாகாது.

திருத்தப்படாது விடுபட்ட இடங்களில் நேர்ந்தது எல்லாம் நகைப்புக்குரியதன்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகர வைத்தியசாலையொன்றில், கருவிலுள்ள சிசுவுக்கு டவுன் நோய்க்குறி இருத்தல் கூடுமா என்று கணிக்கும் கணினி இருந்தது. அக்கணிப்புக்குத் தாயின் வயது இன்றியமையாதது. 2000 ஜனவரியிலிருந்து அப்பொறி தாய்மாரின் வயதைத் தவறாகக் கணக்கிட்டது. மே மாதத்திலேயே பிழை வெளிப்பட்டது. அதற்குள் 150 க்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் தவறான முடிவைக் கையிற் பெற்றிருந்தனர். "அபாயம் இல்லை" என்று கேட்டு நிம்மதியோடு வீடு சென்ற தாய்மாரும் அவருள் இருந்தனர். இரண்டு இலக்கம் செய்த வேலை இது.

திருத்தியவர்களும் எல்லா இடத்தும் செம்மையாகத் திருத்தினர் என்று கூறுவதற்கில்லை. நேரமும் பணமும் குறைந்த இடங்களில் ஒட்டுப் போட்டனர். "20 க்குக் கீழ்ப்பட்டவை 2000 ஐச் சேர்ந்தவை, அதற்கு மேற்பட்டவை 1900 ஐச் சேர்ந்தவை" என்பது போன்ற விதி ஒன்றை நிரலில் எழுதிவிட்டு அகன்றனர். அவ்வெல்லை வந்ததும் பழைய நோய் திரும்பும். யப்பானிலோ ஆண்டை அரசரின் ஆட்சியால் எண்ணும் மரபு உண்டு. ஷோவா அரசர் 1989 இல் மறைந்த பின்னும் சில பழைய கணினிகள் ஷோவா ஆண்டையே உள்ளுக்குள் இரண்டு இலக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தன. அக்கணக்கில் 2025 என்பது ஷோவா 100!

இனி வரப்போவது 2038. இது இரண்டு இலக்கக் கதையன்று. யுனிக்ஸ் என்ற இயக்க முறைமையும் அதன் வழித்தோன்றல்களும் நாள், மாதம், ஆண்டு என்று காலத்தை வைப்பதில்லை. 1970 ஜனவரி முதலாந் திகதி கிறீனிச் நள்ளிரவிலிருந்து கடந்த வினாடிகளையே எண்ணுகின்றன. பழைய பொறிகளில் அவ்வெண்ணுக்கு 32 இருமக் கூறுகள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று கூட்டல், கழித்தற் குறிக்குப் போய்விடும். மிஞ்சிய 31 இல் எழுதத்தக்க மிகப் பெரிய எண் 2,147,483,647. அத்தனை வினாடியும் தீரும் நேரம் 2038 ஜனவரி 19, கிறீனிச் நேரம் அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 வினாடி. நமக்கு அது செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி. பாடசாலை நடக்குமாயின் இரண்டாம் பாடவேளை. (இத்தீவின் கடிகாரம் அதுவரை மாற்றப்படாதிருந்தால் என்பதையும் சொல்லிவைப்போம். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை நாம் வேறு நேரத்தில் வாழ்ந்ததை மறந்துவிடலாகாது.) அதற்கு அடுத்த வினாடியில் எண் புரண்டு எதிர்மறையாகும். பழைய பொறி 1901 டிசம்பர் 13 என்று காட்டும்.

இதே எண் வேறொரு வேடத்தில் முன்னரே வந்து போயிற்று. 2022 ஆம் ஆண்டு பிறந்ததும் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் என்ற அஞ்சற் சேவையைப் பயன்படுத்திய பல அலுவலகங்களில் மின்னஞ்சல் நகரவில்லை. திகதியை 2201010001 என்பது போன்ற ஒரே எண்ணாக எழுதி 32 கூறுக்குள் திணிக்க முயன்றதே காரணம். 2021 முழுவதும் 21 எனத் தொடங்கிய எண்கள் எல்லைக்குள் நின்றன. 22 எனத் தொடங்கியதும் எல்லை கடந்தது.

"2038 க்கு இன்னும் காலம் உண்டே" என்பார்க்கு ஒன்று கூறுவோம். கணினிகள் இன்றைய நாளை மட்டும் எண்ணுவதில்லை. வரும் நாளையும் எண்ணுகின்றன. 2020 இல் இருபது வருடத் தவணைக்கு வீட்டுக் கடன் பெற்றவரின் இறுதித் தவணை 2040 இல் வரும். அவர் கையொப்பம் இட்ட அன்றே அந்த வங்கிக் கணினி 2038 ஐத் தாண்டிக் கணக்கிட வேண்டியதாயிற்று. ஓய்வூதியமும் காப்புறுதியும் அத்தகையனவே. புதிய கணினிகளும் கைத்தொலைபேசிகளும் 64 கூறுகளைக் கொண்டு எண்ணுவதால் அவற்றுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. சிறு கருவிகளில் இயங்கும் 32 கூறு லினக்ஸுக்கும் 2020 இல் வழி செய்யப்பட்டது. ஆனால் சுவரில் மாட்டிய பின் யாரும் திரும்பிப் பாராத பொறிகளின் நிலை வேறு.

நிந்தவூர்க் கடற்கரைக்கு இன்னும் அணித்தான செய்தி ஒன்று உண்டு. ஆழ்கடல் செல்லும் படகுகளில் வழி காட்டும் ஜி.பி.எஸ். கருவியை அறியாத மீனவர் இன்றில்லை. வானிலுள்ள செய்மதிகள் இடத்தோடு நேரத்தையும் அனுப்புகின்றன. அதில் வாரத்தின் எண் பத்து இருமக் கூறுகளில் வருகிறது. ஆதலால் 0 முதல் 1023 வரையே எண்ண இயலும். 1980 ஜனவரி 6 இல் தொடங்கிய அவ்வெண் 1999 ஆகஸ்டில் ஒருமுறை புரண்டது. மறுமுறை புரண்டது நம் நேரப்படி 2019 ஏப்ரல் 7, ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணி அளவில். புதுப்பிக்கப்படாத பழைய கருவி அன்று 1999 ஆகஸ்ட் 22 என்று காட்டும். அமெரிக்காவின் நியூயோர்க் மாநகரில், பொலிசாரும் நகராட்சியாரும் பயன்படுத்திய கம்பியில்லா வலையமைப்பு இக்காரணத்தால் அந்த ஏப்ரலிற் பல நாள் முடங்கியது.

திகதி பிழைத்தாற் படகு வழி தவறுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. இடத்தைக் கணிப்பது வாரத்துக்குள் உள்ள நேரத்தைக் கொண்டேயாதலால், பெரும்பாலான கருவிகள் இடத்தைச் சரியாகவே காட்டும். சூரியோதயம், சந்திரோதயம் காட்டும் பக்கம் மட்டும் பொய்யாகும். நிலவை நோக்கி வலை இறக்கும் மீனவர் அதனை இரண்டே இரவிற் கண்டுபிடித்துவிடுவர். கவலைக்குரிய இடம் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் 2016 வரை இலங்கை மீனை வாங்க மறுத்த காலத்தின் பின், தூரக்கடற் படகுகள் எங்கே, எப்போது நின்றன என்பதைக் காட்டும் கண்காணிப்புப் பதிவு மிகுந்த மதிப்புடையதாயிற்று. அங்கே திகதி அலங்காரத்துக்கு அன்று; சாட்சிக்கு. இருபது வருடம் பின்தங்கிய சாட்சியை எந்த நீதிமன்று ஏற்கும்? இவ்வெண் மூன்றாம் முறை புரள்வது 2038 நவம்பர் 20 நள்ளிரவை ஒட்டி. ஒரே ஆண்டில் இரண்டு புரளல்!

பிப்ரவரி 29 உம் சும்மா இருப்பதில்லை. 2024 இல் அந்நாளன்று நியூசீலந்தில் ஆளின்றி எரிபொருள் நிரப்பும் நிலையங்கள் பலவற்றிற் பணம் செலுத்தும் பொறிகள் அட்டையை ஏற்க மறுத்து மணிக்கணக்கில் நின்றன. நான்கு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் நாளுக்கே இக்கதி.

ஓலுவிற் பல்கலைக்கழகத்திலும், நிந்தவூர்த் தொழிற்பயிற்சி நிலையம் முதலிய இடங்களிலும் கணினி பயிலும் மாணாக்கர்க்கு இத்துறையில் வேலை நிரம்ப உண்டு. தொடங்குவதற்கு அயல்நாடு போக வேண்டியதில்லை. ஊழியர் வரவைக் கைரேகையாற் பதியும் பொறி, கடைத்தெருவைக் கண்காணிக்கும் படப்பெட்டி, நெல் ஆலையின் நிறைப் பொறி ஆகிய ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு கடிகாரம் ஓடுகிறது. உடையவர் அனுமதியோடு, முதலிற் பதிவுகளுக்குப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, அதன் திகதியை 2038 ஜனவரி 19 காலை எட்டு மணிக்கு மாற்றி ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பார்க்கலாம். அதே நாள் ஒன்பது மணிக்கு நகர்ந்தால் நன்று. 1901 என்றோ 1970 என்றோ காட்டினால், பொறியின் பெயரையும் அது செய்யப்பட்ட ஆண்டையும் ஒரு கொப்பியிற் குறித்து உடையவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த கடைக்குச் செல்லலாம். திகதியைத் திரும்ப இன்றைக்கு மாற்றி வைக்க மறவாதீர். இன்றேல் மறுநாட் காலை வேலைக்கு வரும் ஊழியர் எல்லாரும் பல வருடம் பிந்தி வந்தவராகப் பதியப்படுவர்.